30 கோடி வேலை போகும் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை

'செயற்கை நுண்ணறிவால் (ஏ.ஐ.) 30 கோடிப் பேருக்கு வேலை போகும் என்று அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் சொல்லிவிட்டது, தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்துதரும் காரைக்குடி டி.டி.பி. கடைகள் இனி எதற்கு?' என்று கேட்கும் அண்ணனுக்கு: 2023 மார்ச் அறிக்கை சொன்னது அதுவல்ல. 30 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடான உழைப்பு தானியக்கத்துக்கு உட்படக்கூடும் என்பதே கணிப்பு. பெரும்பாலான வேலைகளில் ஒரு பகுதிதான் மாறும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, எழுத்தர் பணிகளுக்கே பாதிப்பு அதிகம் என்றது. அங்கே அச்சம் நியாயம்தான்.

இங்கே காரைக்குடியில் ஒரு விடுதி விளம்பரத்துக்கு ஏ.ஐ. கருவி 'சூளையில் சுட்ட ஆத்தங்குடிக் கல்' என்று எழுதித் தந்தது. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தும் சிமெண்ட் தரைக்கல்லுக்குச் சூளை ஏது? பிழையைப் பிடித்தவர் டி.டி.பி. கடைக்காரர்தான். கருவியைக் காட்டி அவர் கூலியைக் குறைக்கிறார்களே, அதைக் கேளுங்கள்.