ஆளில்லாத ஊராம்

நம் தமிழ்ச் சனம் சிலர் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வந்து எடுத்துப் போட்ட அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். காணும். பார்த்துவிட்டேன். லோங் வீக்கெண்டுக்குக் கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, வாடகைக்கு எடுத்ததும், இரவு ஒன்றரை மணிக்குப் பொலிஸ் வந்து கதவைத் தட்டியதும் அவர்கள் பாடு. ஆனால் அதில் மூன்று தடவை ஒரு வசனம் வருகிறது: “ஆளே இல்லாத ஊர், யாருக்கு என்ன இடைஞ்சல்?”

எனக்கு இடைஞ்சல். நான் ஆள்தானே?

எங்கள் ஊர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. இந்த அல்கோன்குவின் ஹைலண்ட்ஸ் டவுன்ஷிப்பில் 2021 கணக்கெடுப்புப்படி 2,588 பேர். நிலப்பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாலு கொண்டோ மாடிக் கட்டடங்களுக்குள் அடைத்துவிடலாம், சரி. அதற்காக இல்லாமல் போய்விடுவோமா? ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் டோர்செட் பார்வைக் கோபுரத்தில் ஏறிப் படம் எடுக்கிறீர்களே, அது இந்த ஆளில்லாத டவுன்ஷிப்புக்குள்தான் நிற்கிறது.

ஒன்பது வருடமாக இங்கே கடை வைத்திருக்கிறேன். “ஏன் அண்ணை காட்டுக்குள் போய் இருக்கிறீர்கள், ரொறன்ரோவில் சரிவரவில்லையோ?” என்று கேட்காத கலியாண வீடு இல்லை. ஆமாம், சரிவரவில்லை. இப்போது திருப்தியா?

“வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறார்” என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். கடை திறந்த புதிதில் ஒருவர் என்னிடமே “முதலாளி எங்கே?” என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்துவிட்டு, “இல்லை, உண்மையான முதலாளி” என்றார். அதை நான் மறக்கவில்லை. இங்கே இனவாதம் இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் இரவு ஒன்றரைக்கு ஸ்பீக்கரை ஏரிப்பக்கம் திருப்பி வைத்தால் யாராக இருந்தாலும் பொலிஸைக் கூப்பிடுவார்கள். போன வருடம் வெள்ளைப் பெடியன்கள் போட்ட கூத்துக்கு நானே கூப்பிட்டேன். இரவில் தண்ணீருக்கு மேல் குளிர்காற்று படிந்தால் சத்தம் மேலே எழும்பாமல் வளைந்து கீழேயே வரும். அக்கரையில் இருப்பவருக்குத் தன் கட்டிலடியில் பறை அடிக்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆறு பேருக்கான வீட்டில் இருபத்தாறு பேர். அந்த வீடுகளுக்கு நகரசபைக் கழிவுக் குழாய் கிடையாது ஐயா. வீட்டுக்கு ஒரு செப்டிக் தொட்டி, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் வடிகிற மண்படுகை, அவ்வளவுதான். அளவுக்கு மேல் தண்ணீர் போனால் கசடு அடியில் படிய நேரமில்லாமல் படுகைக்குள் தள்ளுப்படும், படுகை அடைபடும், மிச்சம் ஏரியை நோக்கித்தான் கசியும். அடுத்த நாள் அதே ஏரியில் உங்கள் பிள்ளைகளைத்தான் குளிக்க விட்டீர்கள். வீடியோவில் அதுவும் இருக்கிறது, வடிவான பாட்டோடு.

“காசு கொடுத்துத்தானே எடுத்தோம்?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதற்கெல்லாம் பதில் எழுதப் போவதில்லை.

இங்கே தீப்பிடித்தால் ஓடி வருகிறவர்கள் தன்னார்வலர்கள். பகலில் தச்சு வேலை செய்கிறவரும் படகு திருத்துகிறவரும் பேஜர் அடித்தால் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். தெற்கே மிண்டனில் அவசர சிகிச்சைப் பிரிவு இருந்தது. தாதிமார் பற்றாக்குறை, மருத்துவர் பற்றாக்குறை என்று 2023 ஜூன் 1 அன்று அதை மூடினார்கள். சனம் பதாகை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது. ஆளில்லாத ஊரில் பதாகை பிடித்தது யார், மரமா?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவியும் கேட்டாள். சொல்கிறேன். எங்கள் மாமி யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் இருக்கிறா. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு; அவ மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டா. போன வருடம் ஒரு கூட்டம் ட்ரோனோடு அங்கத்தைய காட்டுக்குதிரை பார்க்கப் போய், மாமியின் பவளக்கல் மதிலில் ஏறி நின்று “கைவிடப்பட்ட தீவு” என்று படம் பிடித்தது. மாமி உள்ளே சோறு வடித்துக்கொண்டு இருந்திருக்கிறா. வெளியே வந்து, “பிள்ளையள், தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்டாவாம். வீடியோவில் அந்தக் குரலை வெட்டிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மாமி சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்களும் எங்கேயோ ஒரு ஊரில் இருந்து வந்தவர்கள்தானே. இப்போது அங்கே எத்தனை பேர் மிச்சம்?

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை போகும்போது எட்டுக் குப்பைப் பைகளை என் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனது அந்த வீடியோ எடுத்த நீங்கள்தான். கரடி இரண்டைக் கிழித்து இறைச்சி எலும்பை வீதி வரைக்கும் இழுத்துவிட்டது. கூட்டி அள்ள எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பிறந்தநாள் பதாகை ஒன்றும் கிடந்தது, நல்ல தமிழில், பிள்ளையின் பெயரோடு. பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பேன். ஆள் இருக்கும்.