12.5 சதவீதத்தைக் கட்டினது யாரு?

நேற்றிலிருந்து ஆப்பிளின் அயர்லாந்து வரி வழக்கு பற்றிய அந்த விவாத வீடியோவில் என்னை டேக் பண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கோட்டு போட்ட அந்த நிபுணர் சொன்னதும், கீழே நானூறு பேர் கைதட்டியதும், நடுவில் என் பழைய பதிவை எடுத்துப் போட்டு "எக்செல் ஷீட் போராளி" என்று ஒருவர் பட்டம் கொடுத்ததும் கண்ணில் பட்டது. பட்டத்துக்கு நன்றி. எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்திருந்தால் அந்த நிபுணர் அப்படி உளறியிருக்க மாட்டார்.

அவர் சொன்னது இது: "அயர்லாந்து 12.5 சதவீதம் வரி வைத்தது, ஆப்பிள் சட்டப்படி அதைக் கட்டியது, பொறாமை பிடித்த பிரசல்ஸ் 1,300 கோடி யூரோ அபராதம் போட்டது." ஒரே மூச்சில் மூன்று தப்பு. ஆப்பிள் தன் லாபத்துக்கு 12.5 சதவீதம் கட்டவில்லை. பிரசல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், போட்டது அபராதம் இல்லை; ஆப்பிளிடம் வரி பாக்கியை வசூலி என்று அயர்லாந்துக்குப் போட்ட உத்தரவு. அயர்லாந்தின் குறைந்த வரி விகிதத்தை அந்த வழக்கில் யாரும் கேள்வி கேட்கவே இல்லை. எந்த நாடும் தனக்குப் பிடித்த விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். கேள்வி, அந்த 12.5ஐ எதன்மேல் போட்டீர்கள் என்பதுதான். விகிதத்தைப் பார்க்காதீர்கள், அடித்தொகையை, அதாவது வரி போட எடுத்துக்கொள்ளும் லாபத்தைப் பாருங்கள். இதைத்தான் இரண்டு வருடமாக எழுதுகிறேன். இன்னும் பத்து தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஆப்பிளுக்கு 1980 முதல் தொழிற்சாலை இருக்கிறது. இந்த வழக்கில் வருபவை இரண்டு கம்பெனிகள்: ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல், ஆப்பிள் ஆபரேஷன்ஸ் யூரோப். இரண்டும் அயர்லாந்தில் பதிவானவை. ஆனால் அன்றைய ஐரிஷ் சட்டப்படி, நிர்வாகம் வெளிநாட்டிலிருந்து நடந்தால் அந்தக் கம்பெனி அயர்லாந்தின் வரிக் குடியுரிமை இல்லாததாக இருக்கலாம். அமெரிக்கச் சட்டமோ பதிவான இடத்தைத்தான் பார்க்கும். அயர்லாந்து "நிர்வாகம் இங்கே இல்லை" என்றது, அமெரிக்கா "பதிவு இங்கே இல்லை" என்றது. இரண்டு பேருமே அதை உள்ளூர்க் கம்பெனியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013 மே மாதம் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணையில் அதன் தலைவர் கார்ல் லெவின் இதைத்தான் போட்டு உடைத்தார்.

ஐரோப்பாவில் எந்தக் கடையில் ஐபோன் வாங்கினாலும், ஒப்பந்தப்படி விற்றவர் அந்தக் கடை கிடையாது, அயர்லாந்தில் இருக்கும் சேல்ஸ் இன்டர்நேஷனல். விற்பனை மொத்தமும் அங்கே பதிவாகும். அப்புறம் அந்தக் கம்பெனிக்குள்ளேயே லாபத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கார்க்கில் உள்ள கிளைக்கு ஒரு துளி. மீதி "தலைமையகத்துக்கு". அந்தத் தலைமையகம் எங்கே? எங்கும் இல்லை. கட்டடம் இல்லை, ஊழியர் ஒருவர்கூட இல்லை. எப்போதாவது நடந்த இயக்குநர் கூட்டத்தின் குறிப்புகள் இருந்தன, அவ்வளவுதான். எந்த நாட்டிலும் இல்லாத இடத்துக்கு எந்த நாடு வரி போடும்?

கிளைக்கு ஒதுக்கிய துளியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதில்தான் ஐரிஷ் வரித்துறை ஆப்பிளுடன் போட்ட 1991ஆம் வருட ஒப்பந்தம் வருகிறது. சேல்ஸ் இன்டர்நேஷனல் கிளையின் நடைமுறைச் செலவில் 12.5 சதவீதம்தான் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவிலும் விற்பனைக்கு வாங்கிய சரக்கின் விலையைச் சேர்க்க வேண்டாம். சம்பளம், வாடகை, கரண்டு எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்றால் லாபம் பன்னிரண்டரை ரூபாய். அதன்மேல் 12.5 சதவீத வரி, 1 ரூபாய் 56 காசு. கோயம்புத்தூர் ஜாப் ஒர்க் பட்டறைக்காரருக்கு இது சட்டென்று புரியும். கூலிக்குத்தான் கணக்கு, சரக்கு வேறு ஒருத்தருடையது. இங்கே அந்த "வேறு ஒருத்தர்" ஆளே இல்லாத காகிதம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தச் சூத்திரத்தில் விற்பனை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? எத்தனை கோடி ஐபோன் விற்றாலும் வரி ஏறாது. கார்க்கில் சம்பளச் செலவு ஏறினால்தான் ஏறும். 2003இல் சேல்ஸ் இன்டர்நேஷனலின் ஐரோப்பிய லாபத்துக்கு உண்மையான வரி 1 சதவீதமாக இருந்தது, 2014இல் 0.005 சதவீதத்துக்கு வந்ததன் ரகசியம் இதுதான். பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு ஐம்பது யூரோ. யாரும் விகிதத்தைக் குறைக்கவில்லை. லாபம் வளர்ந்தது, அடித்தொகை நகரவே இல்லை. 2011ஆம் வருடத்தை மட்டும் எடுங்கள். லாபம் சுமார் 1,600 கோடி யூரோ. அயர்லாந்து வரிக்கு எடுத்துக்கொண்டது சுமார் 5 கோடி. கட்டிய வரி 1 கோடிக்கும் கீழே. முழு லாபத்துக்கும் 12.5 போட்டிருந்தால் 200 கோடி. நிபுணர் ஐயா, இதில் எங்கே இருக்கிறது உங்கள் 12.5?

இன்னொரு கம்பெனியான ஆபரேஷன்ஸ் யூரோப்புக்கு வேறு சூத்திரம். ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை நடைமுறைச் செலவில் 65 சதவீதம், அதற்கு மேல் போனால் 20 சதவீதம். ஏன் திடீரென்று இருபது? கார்க்கில் கம்பெனி விரிவடைவதற்குத் தடையாக இருக்கக் கூடாதாம். சந்தை விலை, ஒப்பீடு, ஆய்வு எதுவும் கிடையாது. 1990இல் வரித்துறையுடன் நடந்த பேச்சின் குறிப்பைப் பிற்பாடு ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. ஆப்பிளின் வரி ஆலோசகர் 3 கோடிக்கும் 4 கோடிக்கும் இடைப்பட்ட ஒரு டாலர் தொகையை லாபமாக முன்வைக்கிறார். இதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்கிறார். அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை, ஆனால் தொகையின் அளவைப் பார்த்தாவது நேர்மையான முன்மொழிவு என்று எடுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறோம் என்கிற ரீதியில் பதில். கூடவே, கார்க் பகுதியிலேயே நாங்கள்தான் பெரிய வேலை கொடுப்பவர்கள் என்ற நினைவூட்டல். காய்கறிக் கடையில்கூட இதைவிட விவரமாகப் பேரம் பேசுவார்கள்.

"முன்கூட்டியே வரித் தெளிவு கேட்பது தப்பா?" என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். இல்லை. ஒரே குழுமக் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் உள்விலைகளை வரித்துறையுடன் முன்பே பேசி முடிக்கும் முன்கூட்டிய விலை ஒப்பந்த முறை இந்தியாவிலேயே 2012 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு நடைமுறை உண்டு. யார் என்ன வேலை செய்கிறார்கள், சொத்து யார் கையில், இழப்பு வந்தால் யார் தலையில் விழும் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதிகபட்சம் ஐந்து வருடம், அப்புறம் புதிதாக உட்கார வேண்டும். 1991இல் போட்ட ஐரிஷ் ஒப்பந்தத்தை 2007 வரை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஐபாட் வந்தாயிற்று, ஐபோன் வந்தாயிற்று. மேக் விற்ற காலத்துச் சூத்திரம் அப்படியே ஓடுகிறது. 2007இல் திருத்தியபோதும் பெரும்பாலும் செலவின்மேல் சதவீதம் என்ற வழிதான்.

அடுத்தது, "மதிப்பு உருவானது கலிபோர்னியாவில், வரி அமெரிக்காவுக்குத்தானே சேர வேண்டும்?" இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவுக்கும் அப்போது வரி போகவில்லை. பணத்தை ஊருக்குக் கொண்டுவரும் வரை 35 சதவீதத்தைத் தள்ளிப்போடலாம் என்ற சலுகையில் அது வருடக்கணக்காக வெளியே கிடந்தது. 2017இல் டிரம்ப் அரசு ரொக்கத்துக்கு 15.5 சதவீதம் என்று தள்ளுபடி அறிவித்த பிறகு, 2018 ஜனவரியில்தான் சுமார் 3,800 கோடி டாலர் கட்டப்போவதாக ஆப்பிள் சொன்னது. காத்திருந்தவனுக்குத் தள்ளுபடி. மாதச் சம்பளக்காரருக்கு இந்த வசதி உண்டா என்று கேட்டால் நான் கம்யூனிஸ்ட் ஆகிவிடுவேன், வேண்டாம்.

"வேலைவாய்ப்பு கொடுத்தார்களே!" கொடுத்தார்கள். அதே ஊரில் முழு 12.5 கட்டிக்கொண்டு வேலை கொடுத்த ஐரிஷ் கம்பெனிகளும் இருந்தன. அவர்களுக்கு இந்தச் சூத்திரம் கிடைத்ததா? ஒருத்தருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காத சலுகை, அதுதான் ஐரோப்பியச் சட்டத்தில் அரசு உதவி. வழக்கின் முதுகெலும்பே இதுதான்.

இதே மாதிரி வரிச் சலுகை விவகாரங்களில் ஆணையம் தோற்ற வழக்குகளை ஒருவர் பட்டியல் போட்டிருந்தார். ஸ்டார்பக்ஸ், பியட், அமேசான், என்ஜி. உண்மைதான். பியட் வழக்கில் லக்சம்பர்க்கின் சொந்தச் சட்டத்தில் இல்லாத ஓர் அளவுகோலை ஆணையம் கொண்டுவந்து அளந்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆப்பிள் வழக்கில் அளவுகோல் ஐரிஷ் சட்டத்திலேயே இருந்தது. 1997 ஐரிஷ் வரிச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, கிளை ஈட்டிய லாபத்துக்கு வரி என்கிறது. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. அன்றைக்கு எத்தனை பேர் எனக்கு இரங்கல் செய்தி அனுப்பினீர்கள் என்பது நினைவிருக்கிறது. 2024 செப்டம்பர் 10ஆம் தேதி மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிவிட்டு, தானே இறுதியாகத் தீர்த்தது. ஆளில்லாத தலைமையகத்தால் காப்புரிமை போன்ற அறிவுச்சொத்தை நிர்வகித்திருக்க முடியாது, லாபம் கார்க் கிளைகளுக்கே சேரும். அன்று ஒரு இரங்கல்காரரையும் காணவில்லை.

அபராதம் என்கிற பொய்யும் இருக்கிறதே. பணம் பிரசல்ஸுக்குப் போகவில்லை. அயர்லாந்தின் பாக்கி அயர்லாந்துக்கே வந்தது, வட்டியோடு. அதுவும் முழுசாக இல்லை. ஆணையம் முதலில் விவரம் கேட்டது 2013இல், பத்து வருடம்தான் பின்னோக்கிப் போகலாம், அதனால் 2003 முதல்தான் வசூல். 1991 முதல் 2002 வரையிலான கணக்கு போனது போனதுதான். இந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லத்தான் ஐரிஷ் அரசு மேல்முறையீடு போனது. வசூலிக்காமல் இழுத்தடித்ததால் 2017இல் ஆணையம் அவர்களையே நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2018இல் ஒருவழியாக 1,430 கோடி யூரோ தனிக் கணக்கில் போடப்பட்டு, ஆறு வருடம் கடன்பத்திரங்களில் கிடந்தது. முதல் சில வருடம் ஐரோப்பிய வட்டி பூஜ்யத்துக்கும் கீழே, அசலே கரைந்தது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் டப்ளின் தவித்த வருடங்கள் அவை. இதற்குப் பெயர் ராஜதந்திரம் என்கிறார் நிபுணர்.

இப்போது பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு உலக அளவில் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். அதுவும் விகிதம்! எதன்மேல் 15? 2025 ஜூனில் ஜி7 நாடுகள் அமெரிக்கக் கம்பெனிகளை அந்த ஏற்பாட்டின் முக்கிய விதிகளிலிருந்து விலக்கிவைக்க ஒப்புக்கொண்டதைக் கோட்டு போட்டவர் ஏன் சொல்லவில்லை?

என்னைப் போராளி என்றீர்கள். உண்மையில் விலை கொடுத்தவர்கள் வேறு. லக்சம்பர்க்கில் மாரியுஸ் கோல் என்று ஒரு வரி அதிகாரி இருந்தார். நூற்றுக்கணக்கான பன்னாட்டுக் கம்பெனி ஒப்பந்தங்களுக்கு அவர் மேசையில்தான் ஒப்புதல். உள்விலைகளை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று பின்னாளில் பத்திரிகையாளர் கேட்டபோது, கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நீட்டிக் காட்டினார். 2013இல் பணி ஓய்வு பெற்றார். அந்த ஒப்பந்தங்கள் வெளியானது 2014 நவம்பரில். அவை போடப்பட்ட காலத்தில் அந்த நாட்டின் பிரதமராக இருந்த ஜான்-குளோட் யுங்கர் அதே மாதம்தான் ஐரோப்பிய ஆணையத் தலைவராகப் பதவியேற்றிருந்தார், பதவியிலேயே தொடர்ந்தார். ஆவணங்களை வெளியே கொண்டுவந்த ஆன்டுவான் டெல்டூரும் ரஃபாயெல் ஆலேவும் 2016இல் தண்டிக்கப்பட்டார்கள். ஆலேவுக்கு மேல்முறையீட்டில் மிஞ்சிய 1,000 யூரோ அபராதம் தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு சொல்வதற்கு 2023 பிப்ரவரி ஆயிற்று. அந்த விவகாரத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் மூன்று பேர். கம்பெனிகளுக்காக அந்த ஒப்பந்தங்களைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் இரண்டு பேர், ஒரு பத்திரிகையாளர்.