பால்டர்ஸ் கேட்டைப் போனில் ஆடுபவர்களுக்கு: முதலில் பாஸ் போடப் பழகுங்கள்

காசு கொடுத்து பால்டர்ஸ் கேட்டை வாங்கி, போனில் இறக்கி, ஒரு மணி நேரத்துக்குள் ஓநாயிடம் மூன்று தடவை செத்து, "இதெல்லாம் ஒரு கேமா" என்று திட்டிவிட்டு அழித்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேமும் சரியாகத்தான் இருக்கிறது. அது என்ன எதிர்பார்க்கிறது என்பதைத் தொடக்கத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் பேசுவது 1998 டிசம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்த, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகத்தைப் பற்றி. ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தி, சண்டை போட்டுக் கதையை நகர்த்தும் கேம் இது. 2023-இல் வந்து விருதுகளை அள்ளிய மூன்றாம் பாகம் வேறு நிறுவனம் செய்தது, விதிகளும் வேறு. அதை ஆடி முடித்த கையோடு இதற்கு வருகிறவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். பழைய முதல் பாகத்தை பீம்டாக் என்ற நிறுவனம் தூசி தட்டி 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்று 2012-இல் கம்ப்யூட்டருக்கும் ஐபேடுக்கும், 2014-இல் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. இடையில் விளம்பரம் வராது. எனர்ஜி தீர்ந்துவிட்டது, நாலு மணி நேரம் கழித்து வா என்று யாரும் துரத்தமாட்டார்கள். நெட் இல்லாத ரயில் பயணத்திலும் ஓடும். தமிழ் மட்டும் கிடையாது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கச் சலிப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

"இதற்கு மவுஸ் வேண்டும், போனில் ஆட முடியாது" என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது விரல் வேகத்துக்கான கேமே இல்லை. நிறுத்தி, யோசித்து, ஆறு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லி, ஒரு ரவுண்டு ஓடவிட்டு, மறுபடி நிறுத்த வேண்டும். ஒரு ரவுண்டு என்பது ஆறு வினாடி. போனில் தோற்கிறவர்களில் பாதிப்பேர் பாஸே போடாமல், அதாவது ஆட்டத்தை நிறுத்தி வைக்காமல், ஆடித் தோற்கிறவர்கள்.

அதனால் கேமைத் திறந்ததும் முதல் வேலை, ஆப்ஷன்ஸில் ஆட்டோ-பாஸ் பகுதிக்குப் போவது. எதிரி கண்ணில் பட்டால், பொறி தெரிந்தால், ஆயுதம் பயன்படாமல் போனால், அடித்துக்கொண்டிருந்த எதிரி செத்தால் என்ற நான்கையும் டிக் செய்யுங்கள். "ரவுண்டு முடிந்தால்" என்பதை மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு கேரக்டருக்கும் ரவுண்டு தனித்தனியாக ஓடுவதால், ஆறு பேர் இருந்தால் விக்கல் எடுத்த மாதிரி கேம் நின்று நின்று போகும். அடுத்து, உங்கள் ஆட்களை கேமே தானாக இயக்கும் பார்ட்டி ஏஐ. அதை அணைத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருந்தால் உங்கள் மந்திரவாதி ஓர் எலிக்குக்கூட அன்றைய ஒரே ஸ்பெல்லை (மந்திரத்தை) செலவழித்துவிட்டு நிற்பார்.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு கழித்தல்தான். இது ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதி. 'தாக்கோ' என்பது, ஏசி பூஜ்யமாக இருக்கும் எதிரியை அடிக்க 20 முகப் பகடையில் விழ வேண்டிய எண். ஏசி என்பது கவச அளவு. இங்கே அது குறையக் குறைய நல்லது, அம்மணமாக நின்றால் 10, முழு இரும்புக் கவசம் போட்டால் 1. புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். கடையில் "ஏசி 8" கவசத்தை எடுத்துக்கொண்டு "ஏசி 5" கவசத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள்.

முதல் லெவல் ஃபைட்டரின் தாக்கோ 20. அவருக்கு ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 18 இருந்தால் ஒன்று குறையும். ஓர் ஆயுதத்தில் இரண்டு தேர்ச்சிப் புள்ளி போட்டிருந்தால் இன்னும் ஒன்று குறையும். ஆக 18. எதிரே நிற்கும் கோபோல்டு என்ற குட்டி அரக்கனின் ஏசி 7. பதினெட்டில் ஏழு போனால் பதினொன்று. பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், அதாவது சரிபாதி வாய்ப்பு. உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆளே இரண்டில் ஒரு தடவை காற்றைத்தான் வெட்டுவார். முதல் இரண்டு லெவல் ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. வாளை நம்பி முன்னால் ஓடுவது அங்கே உத்தி ஆகாது, சீட்டுக் குலுக்கல்தான்.

கேரக்டர் உருவாக்கும்போது பகடை உருட்டி மொத்தப் புள்ளி காட்டும். 75-க்குக் கீழே வராது. 85 தாண்டினால் எடுத்துக்கொள்ளலாம், பொறுமை இருந்தால் 90. ஆனால் போனில் ரீரோல் பொத்தானை மளமளவென்று தட்டும்போது, 92 வந்ததை மூளை உணர்வதற்குள் விரல் அடுத்ததை உருட்டிவிடும். போனது போனதுதான். சுமாராக நல்ல எண் வந்ததும் ஸ்டோர் போட்டுவிட்டு அப்புறம் உருட்டுங்கள், ரீகால் செய்துகொள்ளலாம். கான்ஸ்டிட்யூஷனில் (உடல் உறுதியில்) ஒரு சங்கதி: ஃபைட்டருக்கு 18 வைத்தால் முதல் லெவலில் 14 உயிர்ப்புள்ளி. மந்திரவாதிக்கு 16 வைத்தால் 6 வரும், 18 வைத்தாலும் அதே 6 தான். மிச்சப் புள்ளியை வேறு எதிலாவது போடுங்கள். முதல் தடவை ஆடுகிறவர்கள் ஃபைட்டர் எடுப்பதே புத்திசாலித்தனம். நாயகன் செத்தால் மற்ற ஐந்து பேர் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், சேவிலிருந்துதான் தொடங்க வேண்டும். 6 புள்ளி உயிரோடு அந்தப் பொறுப்பைச் சுமக்க முடியாது.

கதை கேண்டில்கீப் கோட்டையில் தொடங்குகிறது. எலி அடிப்பது, மாட்டுக்கு மருந்து கொண்டு கொடுப்பது என்று சில்லறை வேலைகள் இருக்கும். அலட்சியம் செய்யாதீர்கள், அந்தச் சில்லறை அனுபவப் புள்ளிகளுக்கு இப்போது மதிப்பு உண்டு. தனியாக நிற்கும் இரண்டு கட்டடங்களுக்குள் கத்தியோடு ஆள் காத்திருப்பான், உள்ளே நுழையுமுன் சேவ் செய்யுங்கள். உங்களை வளர்த்த கோரையனிடம் 'கிளம்பலாம்' என்று சொல்வதற்கு முன்னால் விண்ட்ரப்பின் கடையில் வில், அம்பு வாங்கிவிடுங்கள். கோட்டைக் கதவைத் தாண்டினால் கதையின் கடைசிப் பகுதி வரை திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

வில் ஏன்? வில்லுக்கு ரவுண்டுக்கு இரண்டு அம்பு. வாள் வைத்திருப்பவருக்குத் தொடக்கத்தில் ஒன்று, தேர்ச்சி பெற்றிருந்தால் ஒன்றரை. ஓநாய் உங்களிடம் வந்து சேர்வதற்குள் நான்கு பேர் வில்லோ கவணோ வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இந்த முதல் பாகத்தில் வில்தான் ராஜா, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இன்னொரு ராஜா, 'ஸ்லீப்' ஸ்பெல். முதல் நிலை மந்திரம்தான், ஆனால் தாழ்ந்த லெவல் எதிரிகளைக் கும்பலாகச் சாய்த்துவிடும். கோபோல்டு, ஜிபர்லிங், ஏன், ஒரே அடியில் உங்களைக் கொல்லக்கூடிய ஓகரே குப்புற விழும். தூங்குகிறவனை அடிக்கப் பகடைகூட வேண்டாம், எல்லா அடியும் படும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஸ்பெல் புத்தகத்தில் ஸ்லீப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு நேராகச் சண்டைக்குப் போவார்கள். ஐகான் மங்கலாக இருக்கும், வேலை செய்யாது. தேர்ந்தெடுத்த பிறகு எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் மனப்பாடம் ஆகும். இன்னொன்று, மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி பட்டால் அந்த ஸ்பெல் வீண். மந்திரவாதியை எப்போதும் பின்னால் நிறுத்துங்கள்.

இதே விதி எதிரிக்கும் உண்டு. ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படிக்கட்டில் டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்பான். முதல் தடவை ஆடுகிறவர்கள் மொத்தமாகச் சாவது பெரும்பாலும் இவனிடம்தான். பெயர் கேட்பான், அடுத்த நொடி தன்னைப் போலவே நாலைந்து பிம்பங்களை உருவாக்கிக்கொள்வான், அதன் பிறகு 'ஹாரர்' வீசுவான். அது பட்டவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் தலைதெறிக்க ஓடுவார்கள், அவன் ஒவ்வொருவராகச் சுடுவான். செய்ய வேண்டியது: படிக்கட்டை நெருங்குவதற்கு முன் சேவ். ஆட்களை ஒரே கொத்தாக நிறுத்தாமல் அகலமாகப் பிரித்து வையுங்கள், ஹாரர் எல்லோர் மேலும் படாது. பேச்சு முடிந்த கணமே பாஸ். எல்லோருக்கும் வில். தொடக்கத்திலேயே உங்களோடு சேரும் திருடி இமோயனிடம் இருக்கும் மேஜிக் மிசைல் மந்திரக்கோலையும் எடுங்கள், அதைப் பத்திரப்படுத்தி வைப்பதில் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு அடியும் ஒரு பிம்பத்தைக் கழிக்கும், பிம்பம் தீர்ந்து உடம்பில் படும் அடி மந்திரத்தைக் கலைக்கும். மறுபடி செத்தால் வெட்கப்பட வேண்டாம், லோட் போடுங்கள்.

அந்த விடுதிக்குத் தெற்கே உலாவும் ஓர் ஓகரிடம் இரண்டு பெல்ட் கிடைக்கும். அடையாளம் காணாத பொருள் நீல நிறத்தில் தெரியும். ஆசையில் உடனே மாட்டிவிடாதீர்கள். ஒன்று உங்கள் கேரக்டரை ஆணிலிருந்து பெண்ணாக, பெண்ணிலிருந்து ஆணாக மாற்றிவிடும், சாபம் நீக்காமல் கழற்றவும் முடியாது. கடையில் 100 பொற்காசு கொடுத்தால் என்ன பொருள் என்று சொல்லிவிடுவார்கள், 'ஐடென்டிஃபை' ஸ்பெல்லும் உண்டு. மற்ற பெல்ட்டை விடுதியில் உன்ஷே என்ற பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆள் சேர்ப்பதில் ஒரு சிக்கல். சிலர் ஜோடியாகத்தான் வருவார்கள், ஜோடியாகத்தான் போவார்கள். காலித் வேண்டாம் என்றால் அவர் மனைவி ஜஹீராவும் கிளம்பிவிடுவார். நாஷ்கெல் ஊரில் சேரும் மின்ஸ்க், டைனஹீர் என்ற பெண்ணை மீட்கச் சொல்வார். நாள் கடத்தினால் கோபித்துக்கொண்டு போய்விடுவார். வழியில் கிடைக்கிறார்களே என்று நல்லவர்களையும் கெட்டவர்களையும் கலந்து வைத்தால் அவர்களுக்குள்ளேயே வெட்டுக்குத்து நடக்கும்.

நாஷ்கெல் சுரங்கம்தான் போன் திரைக்கு உண்மையான சோதனை. குறுகிய பாதை, ஆறு பேர். பாதை கண்டுபிடிக்கும் வேலையில் இந்த கேம் 1998-லேயே சுமார், இப்போதும் சுமார்தான். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர் வேறு வழி தேடி, சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு எதிரி வாயில் போய் விழுவார். ஒற்றை வரிசை ஃபார்மேஷன் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு முழ தூரம் நகர்த்துங்கள். இமோயனை முன்னால் விட்டுப் பொறி தேடும் பொத்தானை அழுத்துங்கள், மெதுவாக நடந்தால்தான் பொறி தெரியும்.

விரல் தவறு நடப்பதும் இங்கேதான். கோபோல்டைத் தட்டுவதாக நினைத்து அதன் பக்கத்துத் தரையைத் தட்டிவிடுவோம். விளைவு, வில்வீரர் அடிப்பதற்குப் பதிலாக அந்த இடத்துக்கே நடந்து போய் நிற்பார். தீ அம்பு விடும் கோபோல்டுகள் இருக்கும் இடத்தில் அது தற்கொலை. பாஸ், இரண்டு விரலால் ஜூம், எதிரியின் உடம்பில் தட்டு, அப்புறம் பாஸை எடு. இந்த வரிசை கைப்பழக்கம் ஆகிவிட்டால் மவுஸ் நினைப்பே வராது. கதவு, பெட்டி, விழுந்து கிடக்கும் பொருள் எல்லாவற்றையும் ஒளிரச் செய்யும் பொத்தான் ஒன்று திரை ஓரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு அறையிலும் அதைத் தட்டிப் பாருங்கள்.

ஊரெல்லாம் இரும்பு கெட்டுப்போயிருக்கிறது என்பது கதை, கதையோடு நில்லாமல் உங்கள் சாதாரண வாள் சண்டை நடுவில் உடையவும் செய்யும். மாயச் சக்தியுள்ள ஆயுதம் உடையாது. ஆளுக்கு ஓர் உபரி ஆயுதம் வையுங்கள், அது கதாயுதமாக இருந்தால் இன்னும் நல்லது. சுரங்கத்தின் அடியில் முலாஹே என்ற எதிரி எலும்புக்கூடுகளைக் கூப்பிடுவான். அவற்றுக்குத் தூக்கமும் வராது, அம்பும் சரியாக ஏறாது.

சேவ் பற்றி. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் கேம் தானாகச் சேவ் செய்யும். நடுவில் ஒரு போன் கால், ஒரு வாட்ஸ்அப் பதில், அதற்குள் ஆண்ட்ராய்டு மெமரிக்காக கேமைப் பின்னணியில் கொன்றுவிட்டால் ஒரு மணி நேர உழைப்பு போச்சு. பேட்டரி அமைப்பில் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், பையில் போனை வைக்குமுன் குவிக்சேவ் போடுங்கள். சேவை ஒரே இடத்தில் மேலெழுதாமல் மூன்று நான்காக வையுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் அமைப்பில் பெரிதாக்கலாம். ஆறு அங்குலத்துக்குக் குறைந்த திரையில் இன்வென்டரியில் பொருளை இழுத்து வைப்பது கொஞ்சம் கொடுமைதான், அதை மறைக்கப்போவதில்லை.

நாஷ்கெல் முடிந்து லெவல் மூன்று நான்கு வந்ததும் பெரெகோஸ்டு ஊருக்குக் கிழக்கே முட்டாமினின் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பார்வையாலேயே கல்லாக்கும் பாசிலிஸ்குகள் அங்கே. முன்னேற்பாடு இல்லாமல் போனால் ஒரு நொடியில் சிலை. 'புரொடெக்‌ஷன் ஃப்ரம் பெட்ரிஃபிகேஷன்' ஸ்பெல்லை ஒரே ஒருவர் மேல் போட்டு, மற்றவர்களைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிறுத்தி, அவரை மட்டும் அனுப்புங்கள். அங்கே திரியும் கோராக்ஸ் என்ற பேய்ப்பயல் நல்லபடியாகப் பேசினால் உங்களோடு சேர்ந்துகொள்வான், அவனைப் பாசிலிஸ்கு கல்லாக்க முடியாது. சின்ன பாசிலிஸ்கு ஒன்றுக்கு 1400 அனுபவப் புள்ளி, பெரியதற்கு 7000. கோராக்ஸின் நட்பு நேரம் தீரும் வரைதான். தீர்ந்ததும் உங்களையே கடிப்பான், அதனால் எண்ணிக்கொண்டே ஆடுங்கள்.