ஹெட்போன்தான் அசல் ஸ்டீரியோவா?
"இடது, வலது கலக்காமல் தனித்தனியாகக் காதுக்கு வருவதால் ஹெட்போன்தான் அசல் ஸ்டீரியோ" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையே ஸ்பீக்கர்களை மனதில் வைத்து உருவானது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் மிகச் சிறிய தாமதத்தோடு போய்ச் சேரும். அந்தக் கலப்போடு கேட்கும்போதுதான் பாடகர் நமக்கு எதிரே, நடுவில் நிற்பதுபோல் தோன்றும். ஹெட்போனில் அது கிடையாது, குரல் பெரும்பாலும் தலைக்குள்ளேயே கேட்கும். குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் ஒதுக்கிய 1960-களின் ஸ்டீரியோ பதிவு எதையாவது ஹெட்போனில் போட்டுப் பாருங்கள், உறுத்தும். ஹெட்போனில் அறையின் எதிரொலி குறுக்கிடாது, நுணுக்கங்கள் தெளிவாக விழும் என்றீர்களே, அது சரி. ஹெட்போனுக்கென்றே எடுக்கும் பைனாரல் பதிவுகள் வேறு வகை. பொம்மைத் தலையின் காதுகளில் மைக் வைத்து எடுப்பார்கள்.