முதலில் குடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்

உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டவர்கள் எனக்கு அவ்வப்போது செய்தி அனுப்புகிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அதற்குப் பிறகு என்ன சாப்பிடலாம்?" என்பதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது நானும் அதையேதான் கேட்டேன். எப்படிக் குடிப்பது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், படுக்கையிலிருந்து எழுந்தபோது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு நாட்கள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன். தையலில் எந்தக் குறையும் இல்லை. உடலில் நீர் வற்றியிருந்தது, அவ்வளவுதான். இந்த அறுவை சிகிச்சை முடிந்து வீடு போனவர்கள் திரும்பவும் மருத்துவமனைக்கு வர நேரும் காரணங்களில் நீரிழப்பு முக்கியமானது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற பகுதி மட்டும் மிஞ்சுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் ஒரு சிறு பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்; உணவு வந்து சேரும் அந்தப் பை சுமார் 30 மில்லி லிட்டர்தான் கொள்ளும். போதாததற்கு முதல் சில வாரங்கள் உள்ளே வீக்கமும் இருக்கும். எனவே தாகம் எடுத்ததும் மடமடவென்று குடித்துப் பழகியவர் அதே வேகத்தில் ஒரு வாய் குடித்தால், நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்து அழுத்துவது போல வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். குறைத்தால் குமட்டல் வருகிறது. குமட்டல் வந்தால் இன்னும் குடிக்க முடிவதில்லை. நான் விழுந்தது இந்தச் சுழலில்தான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதையும், வாய் உலர்வதையும், எழுந்தால் தலை சுற்றுவதையும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இயல்பான களைப்பு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும் என்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு 30 மில்லி லிட்டர் என்று சிறு சிறு மிடறாகக் குடித்தால், 50 முறை குடித்தால்தான் அந்த அளவு நிறையும்; அதற்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அதாவது விழித்திருக்கும் நேரம் முழுவதும் அது ஒன்றே வேலை. முன்பு நாம் உண்ட உணவிலிருந்தும் உடலுக்குக் கணிசமான நீர் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த வரவும் நின்றுபோயிருக்கிறது. இந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே எனக்கு விளக்கியிருந்தால், அந்த இரண்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்திருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன். எனக்குக் கிடைத்தது வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் கையில் திணிக்கப்பட்ட ஒரு தாள். வலி மாத்திரையின் மயக்கத்தில் இருப்பவருக்கு அதில் எது மனதில் நிற்கும்? உணவியல் நிபுணர் இந்தப் பயிற்சியை அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களாவது தொலைபேசியில் அழைத்து எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். கத்தியைக் கையாள்வதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதிலும் காட்டும்படி கேட்பது நோயாளியின் உரிமை என்பது என் உறுதியான கருத்து.

உணவுப் படிநிலைகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால் போன்ற கெட்டியான திரவங்கள், அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு, ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குப் பிறகு வழக்கமான உணவு என்பது பொதுவான வரிசை. நாட்கணக்கு மருத்துவக் குழுவுக்குக் குழு மாறும்; ஆகவே உங்களுக்குத் தந்த தாளை விட்டுவிட்டு இன்னொருவருடைய தாளைப் பின்பற்றாதீர்கள். "எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு படியைத் தாண்டிவிடுவதும் கூடாது. நமக்குத் தெம்பு வந்துவிட்டது என்பதால் உள்ளே தைத்த இடம் ஆறிவிட்டதாகப் பொருள் இல்லை. காய்ச்சல், இதயத் துடிப்பு வேகமாகவே இருப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, தோள்பட்டை வலி ஆகியவை தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டிருப்பதைக் காட்டக்கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

பலரும் மீறுகிற விதி ஒன்று இருக்கிறது. உணவோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்கக் கூடாது; உண்டபின் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். சிறிய இடத்தில் இரண்டும் சேர்ந்தால் நெருக்கித் தள்ளி வாந்தி வரும்; இல்லையென்றால் உணவு நீரோடு சீக்கிரம் கீழே இறங்கிவிட, வயிறு நிறைந்த உணர்வும் அதோடு போய்விடும். இதனால் குடிக்கக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்குகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உண்ணும் சிறிதளவிலும் புரதத்துக்கே முதலிடம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான் என்பதால், தொடக்கத்தில் புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அன்போடு நீட்டப்படும் பழச்சாற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பான பானத்தைக் குடித்தால், அது நேராகச் சிறுகுடலுக்குப் பாய்ந்து, அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். இதை டம்பிங் என்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து நடுக்கம் எடுப்பதும் உண்டு. மதுவும் முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. வேண்டாம் என்று சொல்லும்போது உறவினர் மனம் நோகலாம்; நோகட்டும், பிறகு ஆறிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது நிற்காத வாந்திதான். தயாமின் எனப்படும் பி1 வைட்டமின் உடலில் சில வாரங்களுக்குத்தான் கையிருப்பு இருக்கும். வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்து மூளையையும் நரம்பையும் தாக்கும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகலாம். ஆகவே அவசரத்துக்கு வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், இன்ன அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, இத்தனை நாட்களாக வாந்தி இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தயாமின் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். உடன் வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதையும், இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டே விழுங்க வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது முறை வீடு திரும்பியபோது என் அக்கா வந்து தங்கினாள். மருந்து அளக்கும் சிறிய கோப்பையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கால் மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து, குடித்து முடித்ததும் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுவாள். "சாப்பிட்டாயா?" என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. "எத்தனையாவது கோடு?" என்றுதான் கேட்டாள். இப்போது எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இரண்டுதான்: அறுவை சிகிச்சைக்கு இன்னும் எத்தனை நாட்கள் இருக்கின்றன, அந்தக் கோப்பையை நிரப்பித் தர வீட்டில் யார் இருக்கிறார்கள்?