குழந்தையை விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்

வீட்டுக்கு வந்து குழந்தையைப் படம் எடுத்துக் கொடுங்கன்னு கூப்பிடுறாங்க. போறேன். போனதும் கேமராவைத் தொடுறதில்லை. அரை மணி நேரம் தரையில உட்கார்ந்து குழந்தையோட விளையாடுறேன். மெல்ல மெல்ல அது என்னை மறந்துடுது. போன வாரம் போன வீட்டுல குழந்தை ஜன்னலோரமா உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கிட்டிருந்தது. பக்கவாட்டு வெளிச்சம் கன்னத்துல அழகா விழுது. சத்தமில்லாம கேமராவை எடுத்தேன். முதுகுக்குப் பின்னாடி படபடன்னு கைதட்டல்! "இங்க பாரு, இங்க பாரு! மாமாவைப் பாரு! சிரி!"

போச்சு. எல்லாம் போச்சு.

அந்த நொடியில குழந்தை முகம் என்ன ஆகுதுன்னு என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா? கண்ணுல இருந்த ஆர்வம் அணைஞ்சிடும். கழுத்து விறைச்சுக்கும். பல்லை மட்டும் காட்டும். பார்வை கேமராவுலயும் இருக்காது, கைதட்டுறவங்க மேலயும் இருக்காது. 1862-லயே துஷேன்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர் எழுதிட்டார்: வாயோரத்தை இழுக்கிற தசை நாம சொன்னா கேட்கும், கண்ணைச் சுத்தி இருக்கிற தசை மனசு நெகிழ்ந்தாத்தான் அசையும்னு. மூணு வயசுப் பிள்ளைகிட்ட அதை அதட்டி வாங்கிடலாம்னு எப்படித்தான் நினைக்கிறீங்களோ!

அதோட விடுறதும் இல்லை. "இருட்டா இருக்கே"ன்னு யாராவது ஓடிப்போய் லைட்டைப் போடுவாங்க. வெளிச்சத்தோட நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்குல பகல் வெளிச்சம் 5500 பக்கம், மஞ்சள் பல்பு 2700. ரெண்டும் ஒரே முகத்துல விழுந்தா ஒரு கன்னம் நீலம் தட்டும், இன்னொண்ணு ஆரஞ்சா எரியும். ஒண்ணைச் சரிபண்ணினா மத்தது கெடும். வெளிச்சம் கம்மியா இருந்தா ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்தி நான் பார்த்துக்குவேன், லைட்டை அணைங்கன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் போட்டாங்க.

எனக்கு ஆத்திரம் அதுக்காகக்கூட இல்லை. நாலு பேர் சுத்தி நின்னு சிரி சிரின்னு கத்தி, கடைசியில அது உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பிச்சதும் "இன்னைக்கு இவன் மூடே சரியில்லை"ன்னு அந்தப் பிஞ்சு மேலயே பழி போடுறீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி அந்த வீட்டுலயே சந்தோஷமா இருந்தது அது ஒண்ணுதான்.

ஓடுற பிள்ளையை நான் பிடிச்சுக்குவேன். ஷட்டர் வேகத்தை 1/250 நொடி, இல்லை அதைவிட வேகமா வச்சா போதும். கலைஞ்ச தலை, கசங்கின சட்டை எதுவும் எனக்குக் குறை இல்லை. என் பின்னாடி நிக்காதீங்க. முன்னாடி வாங்க. தட்டுற கையால பிள்ளையைத் தூக்கி மடியில வச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம் என்னைப் பார்க்கவே வேண்டாம்.

அந்த டப்பா படம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த முறை நான் போறப்போ, டப்பாவைத் திறந்து மூடுறதுல இருந்த அதிசயம் அவனுக்குத் தீர்ந்து போயிருக்கும்.