நிசெகோவுக்கு அப்பாலும் பனி உண்டு

பனிச்சறுக்குக்கு ஜப்பானில், அதன் வடகோடித் தீவான ஹொக்கைடோவிலுள்ள நிசெகோ சறுக்குத்தலமே எல்லா வகையிலும் முதலிடம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து ஹொக்கைடோ மலைகளில் மாவுபோன்ற பனியாகக் கொட்டுவதால், பனியின் அளவில் நிசெகோவுக்கு ஈடு சொல்வது கடினம்தான். ஆனால் அந்தப் பனியால் வந்த புகழே, ஜனவரியில் சறுக்குவோரை மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளுக்கான வரிசைகளை நீளச் செய்கிறது. நீண்ட, செங்குத்தான சரிவுகளை விரும்புவோருக்கு, 1998 நாகானோ ஒலிம்பிக்கின் டவுன்ஹில் (மலைச்சரிவில் அதிவேகமாகச் சறுக்கி இறங்கும்) போட்டி நடந்த, உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஏறத்தாழ 1,070 மீட்டர் உயர வேறுபாடுள்ள, நாகானோ மாநிலத்தின் ஹகுபாவிலுள்ள ஹப்போ-ஒனே சறுக்குத்தலமே பொருத்தமானது. மார்ச் மாதத்தில் அதன் அடிவாரப் பனி ஈரமாகிக் கனத்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹொக்கைடோவிலேயே, கடலிலிருந்து விலகி உட்பகுதியில் அமைந்த ஃபுரானோவில், நிசெகோவைவிடப் பனிப்பொழிவு குறைவெனினும் பனி நன்கு உலர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. குழந்தைகளுடன் செல்வோருக்கு நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.